அண்ணாந்து பார்ப்பது கல்வியாகாது

சிற்றூர்ப் பள்ளி மாணவர்களுக்கு விமானத் துறையை அறிமுகம் செய்வது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வரிசை முன்வைக்கப்படுகிறது: முதலில் ஊக்கம் ஊட்ட வேண்டும், பிறகு கணிதத்தையும் இயற்பியலையும் படிக்க வைத்து மதிப்பெண் வாங்க வைக்க வேண்டும், அதன்பின் பணம் திரட்டிக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், கையால் எதையாவது செய்து பார்ப்பதெல்லாம் அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருபுறம் ஆரணியின் பட்டுத் தறிகளும் மறுபுறம் வந்தவாசியின் கோரைப் பாய்களும் பேர் பெற்ற நெசவு நாட்டில், பேச்சு வழக்கில் செய்யார் என்று சொல்லப்படும் செய்யாறு போன்ற ஊரில், இந்த வரிசை கேள்வி கேட்க இடமில்லாத நடைமுறை ஞானமாகவே கருதப்படுகிறது. பள்ளி ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினரும் இதையே சொல்கிறார், பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும் இதையே சொல்கிறார்கள். ஆனால் இந்த வரிசை தலைகீழானது. ஊக்கம் என்பது வேலைக்கு முன்னால் ஊட்டிவிடும் மருந்தாக இருந்ததே இல்லை. வேலையில் கை வைத்து, அது சொன்னபடி கேட்காமல் போய், ஏன் கேட்கவில்லை என்று துருவத் தொடங்கிய பிறகே அது ஊறி வருகிறது.

ஊக்கத்தை முதலில் வைப்போர் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றி ஒரு நாள் பயணம் அழைத்துச் செல்வது, விமான நிலையத்தைச் சுற்றிக் காட்டுவது, விமானி ஒருவரை மேடையேற்றிப் பேச வைப்பது ஆகியவை தமிழகத்தில் இன்று பாராட்டுக்குரிய செயல்களாக நடக்கின்றன. அந்தப் பயணம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருகிறது, அது போதாதா என்று கேட்டால் போதும் என்றே சொல்லலாம். மகிழ்ச்சி தன்னளவில் நல்லதுதான். ஆனால் அதைக் கல்வி என்று பெயரிட்டு அழைக்கும்போதுதான் மறுக்க வேண்டியிருக்கிறது. சன்னலோர இருக்கையில் அமர்ந்த மாணவர் இறக்கையின் பின்விளிம்பில் ஒரு தகடு இறங்குவதையும் ஏறுவதையும் பார்க்கிறார். அது ஏன் இறங்குகிறது, தரையிறங்கும் நேரத்தில் மட்டும் ஏன் அதிகமாக இறங்குகிறது என்று கேட்பதற்கான கருவி அவரிடம் இல்லை. கேட்பதற்கு அவருக்கு யாரும் பழக்கவுமில்லை. அவர் பயணியாகப் போய்ப் பயணியாகத் திரும்புகிறார்.

இந்தக் கட்சியினர் தவறாமல் துணைக்கு அழைக்கும் பெயர் அப்துல் கலாம். கனவு காணச் சொன்னவர் என்பதாகவே அவருடைய வாழ்க்கை சுருக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவரே பல இடங்களில் சொல்லியுள்ள வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியபோது மாணவர்கள் புரியவில்லை என்றே சொன்னார்கள். அதன் பிறகுதான் அவர் வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, இறக்கை எப்படி அடிக்கிறது, திரும்பும்போது வால் எப்படி வளைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார். பின்னாளில் சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்னும் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் அவரை விமானப் பொறியியல் பக்கம் இழுத்தது எந்த மேடைப் பேச்சும் அல்ல. பாகங்கள் எப்படி இயங்குகின்றன என்று காட்டுவதற்காக வளாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த, பறப்பிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள்தாம். மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகே அமர்ந்திருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானப்படை விமானியாகும் ஆசையுடன் தேராதூனுக்குச் சென்ற அவர் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். தேவைப்பட்டதோ எட்டுப் பேர். கனவு மட்டுமே மூலதனம் என்றிருந்தால் அந்த இடத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், குரோம்பேட்டையில் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பைப் பேராசிரியர் சீனிவாசன் திருப்தியில்லை என்று ஒதுக்கி மூன்றே நாள் கெடு கொடுத்தபோது, இரவு பகலாக வரைபலகையில் உட்கார்ந்து அதைத் திருத்தி முடித்த பயிற்சி.

இரண்டாவது கட்சி மதிப்பெண் கட்சி. முதலில் கோட்பாடு, பிறகு செய்முறை என்பது அதன் வாதம். பார்வைக்கு இது வலுவான வாதம். விமானம் என்பது கணிதத்தின் மேல் நிற்பது என்பதும் உண்மை. ஆனால் கையால் சோதிக்காத கோட்பாடு எந்த அளவுக்குப் பிழையைச் சுமந்துகொண்டு உலவ முடியும் என்பதற்கு விமானவியலே சரியான சான்று. விமானத்தின் இறக்கை ஏன் மேலே தூக்கப்படுகிறது என்ற கேள்விக்கு உலகெங்கும் பல நூல்களிலும் கையேடுகளிலும் திரும்பத் திரும்ப அச்சாகும் விடை இதுதான்: இறக்கையின் மேற்புறம் வளைந்தும் அடிப்புறம் தட்டையாகவும் இருப்பதால் மேலே செல்லும் காற்று நீண்ட பாதையைக் கடக்க வேண்டும், முன்விளிம்பில் பிரிந்த இரண்டு காற்றுத் துகள்களும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருப்பதால் மேலே செல்வது வேகமாகச் செல்கிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்னும் பெர்னூலியின் விதிப்படி இறக்கை மேலே உயர்கிறது. எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கக்கூடிய விடை. ஆனால் தவறான விடை. பிரிந்த துகள்கள் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று இயற்பியலில் எந்த விதியும் இல்லை; உண்மையில் மேலே செல்லும் காற்று முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதன் எதிர்வினையாகத் தான் மேலே தள்ளப்படுகிறது என்பதும், அந்தத் திருப்பத்தோடு சேர்ந்தே மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது என்பதும்தான் சரியான தொடக்கம்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. சார்ட் அட்டையில் வெட்டிய, எந்த வளைவும் இல்லாத தட்டையான இறக்கையைத் தென்னை ஈர்க்கில் ஒட்டி, நுனியில் சிறிது களிமண்ணை உருட்டி வைத்து எறிந்தால் அது பறக்கிறது. மேலும் கீழும் ஒரே நீளமுள்ள இறக்கை எப்படிப் பறக்கிறது? சாகச விமானங்கள் தலைகீழாகப் பறக்கும்போது இறக்கையின் மேற்புறம் கீழே வந்துவிடுகிறதே, அவை ஏன் விழவில்லை? ஆறாம் வகுப்பு மாணவிக்கும் எழக்கூடிய இந்த இரண்டு கேள்விகளே அந்த விடையை உடைத்துவிடப் போதுமானவை. அவை எழாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அந்த மாணவி விடையை எழுதியிருக்கிறாள், இறக்கையை எறிந்ததில்லை. ஆக, கோட்பாடு முதலில் என்று சொல்வோர் கோட்பாட்டையே காப்பாற்றவில்லை.

அந்த ஈர்க்குக் கிளைடரை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. கிளைடர் என்பது எஞ்சின் இல்லாமல், உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக் காற்றில் வழுக்கிக்கொண்டே இறங்கும் விமானம். முதல் எறிதலில் அது பெரும்பாலும் மூக்கை உயர்த்தி, நடுவானில் ஒரு நொடி நின்று, பொத்தென்று விழும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறியதால் காற்று அதன் மேற்பரப்பை விட்டு விலகி, தூக்கும் விசை சரிந்துபோவதே இது. விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள், பெரிய விமானங்களும் இதனால் விழுந்திருக்கின்றன. களிமண்ணை ஒரு சிட்டிகை கூட்டினால் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, முன்னே நகர்ந்து கிளைடர் நிதானப்படும். இன்னும் ஒரு சிட்டிகை கூட்டினால் மூக்கு கனத்துத் தலைகுப்புறப் பாயும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடி இருபது முப்பது முறை எறிந்து, ஒவ்வொரு முறையும் தூரத்தை நாடாவால் அளந்து எழுதி, சராசரி எடுக்கும் மாணவருக்கு, பிழை என்பது சிவப்பு மையால் போடப்படும் சுழி அல்ல, அடுத்த எறிதலுக்கான தகவல் என்பது விளங்கிவிடும்.

அதன் பிறகு கணிதம் தானாக வந்து நிற்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, வீசி எறியாமல் மெல்லத் தள்ளிவிட்ட கிளைடர் ஒன்பது மீட்டர் சென்றால் விகிதம் ஆறு. ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் டேன் மதிப்பைக் கொண்டு அது இறங்கிய கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். சீராக வழுக்கி இறங்கும் விமானத்தில் அந்த ஆறு என்ற எண்ணே தூக்கும் விசைக்கும், பின்னோக்கி இழுக்கும் காற்றுத் தடைக்கும் உள்ள விகிதமும் ஆகும். பெரிய பயணிகள் விமானங்களுக்கு இது ஏறத்தாழ 15 முதல் 20 வரை இருக்கும் என்று சொன்னால், தன் அட்டைத் துண்டும் அந்த விமானமும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடத்தக்கவை என்று மாணவர் அறிகிறார். இதைவிடப் பெரிய ஊக்கத்தை எந்தச் சிறப்பு விருந்தினரும் தந்துவிட முடியாது.

மூன்றாவது கட்சி பணத்தைப் பேசுகிறது. விமானப் படிப்பு பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது என்று அது சொல்வதில் பாதி உண்மை. வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அந்த மணிக்கணக்கின் செலவை நெசவுக் குடும்பம் ஏதும் எளிதில் தாங்காது. ஆனால் விமானி உரிமத்தின் விலையைக் காட்டி விமானவியலின் விலையைச் சொல்வது, கல்யாண மண்டப வாடகையைக் காட்டிச் சமையல் கற்க முடியாது என்று சொல்வதற்கு ஒப்பாகும். 1903-இல் அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி என்ற புகழ்பெற்ற அறிவியலாளர் போர்த்துறையிடமிருந்து 50,000 டாலர் பெற்றுக் கட்டிய விமானம் அக்டோபரிலும் டிசம்பர் 8-ஆம் நாளிலும் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூடப் பெறாத இரண்டு மிதிவண்டிக் கடைக்காரர்கள், ரைட் சகோதரர்கள், ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவில் கட்டியது 12 நொடிகள், 120 அடி பறந்தது. அதற்கு முன்பு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1901-ஆம் ஆண்டின் கிளைடர் எதிர்பார்த்தபடி தூக்காதபோது, அவர்கள் அதுவரை எல்லோரும் நம்பிய அட்டவணைகளின் மேலேயே ஐயம் கொண்டு, ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றின் முனையில் காற்றாடி பொருத்திக் காற்றுச் சுரங்கம் செய்தார்கள். உள்ளே விசையை அளக்கும் தராசுகளைப் பழைய ரம்பத் தகடுகளிலிருந்தும் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளிலிருந்தும் செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அச்சில் இருந்த எண்களைவிடக் கடையில் கிடந்த இரும்பு சரியாக இருந்தது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1910-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையில் கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். குதிரை வண்டி செய்து பழகிய பட்டறை அது. இன்றைய நிலையில் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது வரவேற்கத்தக்கதே ஆனாலும், அந்தப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பிற பள்ளிகளில் அது உண்டாக்கிவிட்டால் தீமையாகவும் முடியும். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் வானவில் மன்றம், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு எளிய பொருள்களைக் கொண்டு அறிவியலையும் கணிதத்தையும் செய்து காட்டும் கருத்தாளர்களை அனுப்புவது, இந்த வகையில் சரியான திசை. அதில் ஒரே ஓர் எச்சரிக்கை: கருத்தாளர் செய்து காட்ட மாணவர் கைதட்டினால், அது மறுபடியும் மேடைப் பேச்சாகிவிடும்.

இங்கே மிகக் கடுமையான எதிர்ப்பு ஒன்றைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. மேற்சொன்ன மூன்று கட்சிகளைவிட இதுவே மதிக்கத்தக்கது. கைவேலைக் கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழகத்தில் 1953 நினைவுக்கு வருவது இயல்பு. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த, எதிர்ப்பாளர்களால் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிடப்பட்ட ஏற்பாட்டில், ஆரம்பப் பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பெரியார் முதலானோரின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 1954-இல் காமராஜர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது. அந்த நினைவிலிருந்து எழும் ஐயம் இதுதான்: நகரத்துப் பிள்ளைக்குக் கணிதமும் நெசவாளர் பிள்ளைக்குக் கைவேலையும் என்று மீண்டும் பிரிப்பதற்கான வேறு பெயர்தானா இது?

அந்த ஐயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிப்பவர்களை நம்பக்கூடாது. கிளைடர் எறிவது கணக்கு நோட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, படிப்பு வராத பிள்ளைகளுக்கான பொழுதுபோக்காக ஒதுக்கப்படுமானால், அது குலக்கல்வியின் பேரப்பிள்ளைதான். ஆனால் வேறுபாடு தெளிவானது. அன்றைய ஏற்பாடு பிள்ளையின் கையைப் பள்ளிக்கு வெளியே, அப்பன் தொழிலுக்குத் திருப்பியது; இங்கே கை பள்ளிக்கு உள்ளே, ஆசிரியர் கண்முன், முக்கோணவியலோடு சேர்ந்தே இயங்குகிறது. கட்டணம் வாங்கும் பெரிய நகரப் பள்ளிகள் இதே கைவேலையை ரோபோட்டிக்ஸ், ஏரோமாடலிங் என்று பெயரிட்டுத் தம் மாணவர்களுக்கு விற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர் பிள்ளைக்குக் கைவேலை அறிவியல் என்றும், இல்லாதவர் பிள்ளைக்கு அதுவே குலத்தொழில் என்றும் இரண்டு பெயர் வைத்தது யார் என்று கேட்பதே அந்த ஐயத்துக்கு உரிய விடையாகும்.

இதை ஒப்புக்கொண்ட பிறகு, நெசவு நாட்டுக்கும் பறத்தலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற எண்ணத்தையும் தயக்கமின்றி மறுக்கலாம். 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிசில் ஜாக் சார்ல்சு என்பவர் ஏற்றிய முதல் ஹைட்ரஜன் பலூன், ரப்பரைக் கரைத்துப் பூசிய பட்டுத் துணியால் ஆனது. அது போய் விழுந்த கோனெஸ் கிராமத்தவர், ஏதோ பிசாசு என்று அஞ்சி அதைக் கிழித்தெறிந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வரத்து நின்று நைலான் வரும்வரை பாராசூட் பெரிதும் பட்டையே நம்பியிருந்தது. ரைட் சகோதரர்களின் விமானத்துக்குப் போர்த்தியதோ சாதாரணப் பருத்தி மஸ்லின். அதை அவர்கள் பாவும் ஊடையும் சட்டத்தோடு நேராக ஓடும்படி போர்த்தவில்லை, 45 பாகைச் சாய்வில் போர்த்தினார்கள். துணியைப் பாவின் வழியிலோ ஊடையின் வழியிலோ இழுத்தால் அசையாது, மூலைக்கு மூலை இழுத்தால் மட்டும் நெகிழும் என்பது தறிவீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இழைகளைச் சாய்வாக ஓடவிட்டால் அவையே சட்டத்துக்குக் குறுக்குக் கட்டுப்போல நின்று இறக்கை கோணிப்போகாமல் தாங்கும் என்பதை ஆசிரியர் அந்த அறிவின் மேல் வைத்துக் கட்டலாம். தறிக்கு வெளியேயும் பார்க்கலாம்: செய்யாற்றின் திருவோத்தூர்க் கோயிலின் தல மரம் பனை. சம்பந்தர் பாடி ஆண்பனை காய்த்தது என்பது தலபுராணம். அந்தப் பனையின் ஓலையை முறுக்கிக் கருவேல முள்ளில் குத்தி ஓடும் சிறுவன் கையில் சுழல்வது விமானத்தின் முன் சுழலும் விசிறியின் அதே தத்துவம்தான், ஓலையின் சாய்வு மாறினால் சுற்று மாறும் என்பதுவரை.

இதனாலெல்லாம் செய்யாற்றுப் பிள்ளைகள் அனைவரும் விமானப் பொறியாளர் ஆகிவிடுவார்கள் என்று யாரும் வாக்களிக்க முடியாது, வாக்களிக்கவும் கூடாது. தோல்வியும் உண்டு. 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்களிப்போடு உருவான ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவுகலம் உரிய வட்டப்பாதையை எட்டாததால் வீணானது. 2023 பிப்ரவரி 10 அன்று அதன் இரண்டாம் வடிவம் சென்று சேர்ந்தது. ஆறு மாத இடைவெளியில் ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும் கிடைத்தன. பள்ளி மைதானத்தில் அதே பாடம் ஒரு மணி நேரத்தில் முப்பது முறை நடக்கிறது என்பதுதான் அட்டைக் கிளைடரின் சிறப்பு.

இந்த வட்டாரத்துக்கு விமானம் இப்போது வந்து சேர்ந்திருப்பது வேறொரு வடிவில். காஞ்சிபுரத்துக்கு அருகே பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அமையும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது முதல், விளைநிலங்களையும் ஏரிகளையும் உள்ளடக்கிய 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு குறித்து ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் போராடி வருகிறார்கள். விமானவியல் கற்பிப்பது அந்தத் திட்டத்துக்கு விளம்பரம் செய்வதாகும் என்று சிலர் கருதக்கூடும். அதற்கு மாறாக, ஓடுபாதை ஏன் காற்றின் திசையை ஒட்டி அமைய வேண்டும், ஏன் அவ்வளவு நீளம், ஏரிக்கு வரும் பறவைக் கூட்டம் ஏன் எஞ்சினுக்கு ஆபத்து என்று தெரிந்த மாணவர்தான், ஆதரித்தாலும் எதிர்த்தாலும், திட்ட அறிக்கையைப் பக்கம் புரட்டிக் கேள்வி கேட்கக்கூடியவர். காற்றின் திசையை அறிய மைதானத்து மூலையில் நட்ட மூங்கில் கழியும், அதன் நுனியில் கட்டிய கழிவுப் பட்டு நூலும், காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பார்த்து எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். ஓராண்டில் தென்மேற்குக் காற்று எந்த வாரம் தணிந்தது, வடகிழக்குக் காற்று எந்த வாரம் எழுந்தது என்பது அந்த நோட்டில் இருக்கும்.